காதர் பாயின் பயம்

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் என் வீட்டுக்குத் தொலைபேசி கிடையாது. முனையில் இருக்கும் மளிகைக்கடையின் எண்ணைத்தான் வேண்டியவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை காலை கடைக்காரர் மோட்டார் சைக்கிளை அணைக்காமலே வாசலில் நின்று, "வாத்தியாரே, போன் வந்திருக்கு. பாய் வீட்டுப் பொண்ணு, அழுவுது" என்றார். அழுகிறது என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. போய் எடுத்தேன். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க. ஜும்மா முடிஞ்சு அடக்கம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள் காதர் மைதீனின் மகள்.

அவரோடு நூலகத்தில் வேலை பார்த்தவர்கள் சிலர் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார்கள். காத்திருக்கும்போது பேச்சு அவருடைய பயத்தைப் பற்றித்தான் போனது. ஆள் உயரமும் கனமுமாக இருப்பார். மீசையைப் பார்த்தால் போலீஸ்காரர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எதற்கும் பயப்படுவார். நூலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "பூட்டின கதவ மறுபடியும் வந்து இழுத்துப் பாப்பாரு. பூட்டுக்கே நம்ம மேல சந்தேகமான்னு தோணிரும் லா" என்றார். எல்லோரும் சிரித்தோம். சொன்னவரே பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பயம் எதைப் பற்றியது என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் கொஞ்சம் தெரியும். அவரைப் பயந்தவர் என்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நூலகர் என்றால் புத்தகத்தில் தேதி முத்திரை குத்தித் தருபவர் என்றே நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் காதர் பாய் பார்த்த பகுதியில் புத்தகமே குறைவு. சமூக ஆய்வு செய்பவர்கள் வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வரும் படிவங்கள், அவற்றை எண்களாக்கித் துளை போட்ட அட்டைகள், எந்த எண்ணுக்கு எந்தப் பதில் என்று சொல்லும் விளக்க ஏடுகள், இவைதாம் அங்கே அலமாரிகளில் இருந்தன. அவற்றைப் பத்திரமாக வைப்பது பாதி வேலை. அடுத்து வரும் ஆய்வாளருக்குப் பயன்படும்படி எடுத்துக் கொடுப்பது மீதிப் பாதி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு மாணவி வந்தாள். காதர் பாய் விடையைச் சொல்லவில்லை. இரண்டு ஆய்வுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில், பள்ளிப் பதிவில் பெயர் இருந்தாலே படிக்கும் பிள்ளை. மற்றதில், பெயர் இருந்தும் காலையில் அம்மாவோடு ரப்பர் பால் எடுக்கப் போகிற பிள்ளை நிறுத்திய பிள்ளை. "கேள்வி ஒன்னுதாம்மா, எண்ணுனவங்க வேற வேற. எத எண்ணுனாங்கன்னு பாக்காம எண்ணத் தூக்கிட்டுப் போயிடாத" என்றார். நான் பல வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன். அதைவிட நல்ல பாடம் நான் நடத்தியதில்லை.

எங்கள் பழக்கம் எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கியது. ஈப்போவை அடுத்த பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறிக்கொண்டிருந்த நேரம். வேலை போகிறவர்கள் எங்கே போகிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஒரு பேராசிரியர் ஆய்வு தொடங்கினார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருப்பவர்கள் வெளியாளிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால், தோட்டப் பள்ளி ஆசிரியர்களை விடுமுறையில் கேள்வி கேட்க அமர்த்தினார். நானும் ஒருவன்.

ஈப்போவில் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி. பேராசிரியர் பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய உருவம் எழுந்தது. குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சேராமல் மெலிதாக வந்தது. "வாத்தியார்மாரே, ஒன்னே ஒன்னு. எழுதறதுக்கு முன்னாடி கொஞ்சம் பயந்துக்குங்க. எழுதினது உங்க கையில இருக்காது. எங்கிட்ட வரும். எனக்கு அப்புறம் யாருகிட்டப் போவும்னு எனக்கே தெரியாது."

பேய்க்கதை சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவர் என் காதில் கிசுகிசுத்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் நான் போன வீடுகளில் ஒன்று ஒரு விதவையின் வீடு. அவளைச் செல்லம்மா என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப் பெண் பிள்ளைகள், இருவரும் என் வகுப்பில். அடையாள அட்டை என்ன நிறம் என்று கேட்கவேண்டிய இடம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்குச் சிவப்பு அட்டை. அதை வைத்திருப்பவர் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"உங்களுக்கு என்ன வாத்தியாரே, சொல்றேன்" என்றாள். "ஐ.சி. சிவப்பு. பர்மிட்டு முடிஞ்சு போச்சு. புதுசு கேட்டா பொறந்த சூராட்டு பேப்பர் எங்கங்கிறான். தங்கச்சி கட்டிக்கிட்டு கோலா கங்சார் போயிட்டா, அவ பேரு இன்னும் செக்ரோல் ஏட்டுல இருக்கு. காலையில பெரட்டுல ஆள் எண்ணும்போது அவ பேரக் கூப்பிட்டா நான் இருக்கேன்னு சொல்றேன். வேலை வாங்குற மண்டோருக்குத் தெரியும். கணக்கு எழுதுற கிராணி தெரியாத மாதிரி இருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, "எழுதிக்குங்க, நல்லதுக்குத்தானே கேக்குறீங்க?" என்றாள்.

நல்லதுக்குத்தான் என்றேன். எழுதிக்கொண்டேன். வெளியே தெரிந்தால் அவளுக்கு வேலை போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். அதற்கு மேல் லாக்கப், வழக்கு என்று என்னென்ன வரும் என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

படிவங்கள் நூலகத்துக்குப் போன பிறகு காதர் பாயிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. கேள்வி கேட்கப் போன நாங்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்து வைத்திருந்தோம். தோட்டத்தில் ஆளைப் பெயர் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது. கோழிக்காரர், ரெட்டப்புள்ளக்காரி, பூசாரி மருமவன் என்றால்தான் தெரியும். பேராசிரியர் பிறகு வந்தால் வீடு தெரியாமல் திண்டாடக்கூடாதே என்று, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, எல்லா ஆசிரியர்களும் படிவத்தின் ஓரத்தில் இவற்றைத் தமிழில் அழகாகக் குறித்திருந்தோம். நூலகத்தில் வேறு யாருக்கும் தமிழ் படிக்க வராது. காதர் பாய்க்கு வரும், ஆனால் அத்தனையையும் தேடி எடுக்க அவர் ஒருவரால் முடியாது; அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்.

பெயர் எழுதிய மேல்பகுதியை அவர் ஏற்கெனவே வெட்டி, இரும்பு அலமாரியில் தனியாகப் பூட்டியிருந்தார். பிறகென்ன, ஓரக் குறிப்பையும் அடித்துவிட்டால் போதுமே என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து, குறிப்புகளை விட்டுவிட்டுப் பதில்களை மட்டும் வாசித்தார். பெண். கணவன் இல்லை. பால்மரம் வெட்டுகிறார். ஒரே வயதில் இரண்டு பெண் பிள்ளைகள்...

அவர் முடிப்பதற்குள் செல்லம்மாவின் உண்மைப் பெயர் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

காதர் பாய் தாளைக் கவிழ்த்து வைத்தார். திரும்பிக் கதவைப் பார்த்தார். "மெதுவா அண்ணே" என்றார். முகம் வெளுத்திருந்தது. "பேரே இல்லாம சொல்லிட்டீங்க பாத்தீங்களா? உங்களுக்குத் தெரிஞ்சா கிராணிக்கும் தெரியும்."

வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை கண்ணாடி போட்டிருந்தால், 'கண்ணாடி போட்டவன் கணக்கில் தோற்றுவிட்டான்' என்று சொன்னாலே போதும், பெயர் எதற்கு? அதுபோலத்தான் இது. பட்டணத்தில் இரட்டைப் பிள்ளை பெற்ற விதவைகள் பலர் இருப்பார்கள். ஒரு தோட்டத்து லயத்தில் ஒருத்திதான் இருப்பாள்.

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் பஸ் ஏறிப் போனேன். அவர் தோட்டங்களின் பெயரை எடுத்துவிட்டு மாவட்டம் என்று மட்டும் போட்டார். சிலரே இருக்கும் தொழில்களை ஒன்றாகச் சேர்த்தார். ஒவ்வொன்றையும் மாற்றும்போது பேராசிரியருக்குக் கோபம் வந்தது, தன் ஆய்வை அறுத்துக் கூறு போடுகிறார் என்று. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. காதர் பாய்க்கும் அது தெரியும். "கூடக் கொடுத்தா ஆளு போயிடும், கொறச்சுக் கொடுத்தா ஆய்வு போயிடும். நடுவுல எங்க நிக்கிறதுன்னு தெரியாமத்தான் எனக்குத் தூக்கம் வரல" என்பார்.

ஒருநாள் நான் அங்கே குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். எங்கள் தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் ஆள், தமிழர். இனிமையாகப் பேசினார். காதர் பாயின் மேலதிகாரியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். தேநீர் வரவழைத்தோம்.

"பாய், எல்லாம் நம்ம சனங்கதானே லா" என்றார். "யாருகிட்ட பர்மிட்டு இல்லன்னு தெரிஞ்சா கம்பெனியே எடுத்துக் கொடுக்கும். பேரு மட்டும் போதும்."

மாவட்டத்துக்கு மொத்தம் எத்தனை பேர் என்று தருவதாகக் காதர் பாய் சொன்னார். மாவட்டத்தை வைத்து என்ன செய்வது, தோட்டத்தைச் சொல்லுங்கள் என்றார் அவர். முடியாது என்றார் இவர். ஏன் என்று கேட்டார்.

"பயமா இருக்குங்க."

"என்னப் பாத்தா?"

"இல்ல. நீங்க நல்லவராவே இருக்கலாம். நாளைக்கு அந்த நாற்காலியில வேற யாரு உக்காருவாங்களோ?"

வந்தவர் சிரித்தார். "இவ்ளோ பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு என்னா பாய் நீங்க." சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். என் முன்னால் தாள்கள் விரிந்து கிடந்தன. "வாத்தியாருக்கு எந்தத் தோட்டம்?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கூடக் கேட்பார். ஆனால் பதில் சொன்னால், என் முன்னால் கிடக்கும் தாள்கள் எந்தத் தோட்டத்தினுடையவை என்று சொன்னதாகிவிடும். நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாயின் கண்ணாடித் தம்ளர் கவிழ்ந்து, தேநீர் மேசை முழுக்க ஓடி, வந்தவரின் வெள்ளைக் கால்சட்டையில் இறங்கியது. எல்லோரும் எழுந்தோம். நான் தாள்களை வாரிக்கொண்டேன். துணி கொண்டுவந்தார்கள். மன்னிப்புக் கேட்டபடியே காதர் பாய் அவரைக் கழுவுமிடத்துக்கு அழைத்துப் போனார். அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது.

நல்ல நேரத்தில் தட்டிவிட்டீர்களே என்று பிறகு சொன்னேன். "நான் எங்க தட்டுனேன்? கை ஆடுதண்ணே, தன்னால கவுந்துச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது.

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, நூலகம் என்பது பூட்டி வைப்பதற்கு அல்ல, கொடுப்பதற்கு என்று சொன்னாராம். அதுவும் உண்மைதான். காதர் பாய் எதிர்த்துப் பேசவில்லை. பேராசிரியரிடம் போய், பெயர்த் துண்டுகளை அழித்துவிட அனுமதி கேட்டார். சில வருடம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போகவேண்டும் என்பது பேராசிரியரின் திட்டம். துண்டுகள் இல்லாவிட்டால் அது நடக்காது. பல நாள் இழுபறிக்குப் பிறகு, காதர் பாயின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை.

நூலகத்தின் பின்னால் குப்பை எரிக்கும் தகரப் பீப்பாயில் அவரே போட்டு எரித்தார். சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டே நின்றார். இனி நிம்மதிதானே என்றேன். "அந்தப் பொண்ணுக்காகப் பயந்தேன். இப்ப வேற பயம். இந்தச் சனங்க என்ன ஆனாங்கன்னு இனிமே யாருக்கும் தெரியப்போறதில்ல. அதுக்கும் நான்தான் காரணம்" என்றார்.

பல மாதம் வரை, தோட்டத்துக்குள் ஜீப் சத்தம் கேட்டால் நான் கரும்பலகையில் பாதி எழுத்தோடு நின்றுவிடுவேன். அந்த இரண்டு பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பேன். யாரும் வரவில்லை. அந்த மனிதர் சொன்னபடியே பெர்மிட் எடுத்துக் கொடுக்கத்தான் வந்தாரோ என்னவோ, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு வரவேண்டிய நன்மையைத் தடுத்துவிட்டோமோ என்று, ஓய்வு பெற்று ஈப்போவுக்கே வந்துவிட்ட பிறகும் காதர் பாய் கேட்டுக்கொண்டிருந்தார். சென்ற மாதம் மருத்துவமனையில் பார்க்கப் போனபோதும் கேட்டார்.

தைரியசாலிகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் இருந்திருந்தால், அந்த வெள்ளைக் கால்சட்டைக்காரரை நம்பியாவது, அவரோடு சண்டை போட்டாவது, ஏதோ ஒரு விதத்தில் அந்தப் பெயர் வெளியே வந்திருக்கும். நடுங்கிய கையில் இருந்ததால்தான் அது வெளியே வரவில்லை. காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைத்தான்.

அந்தப் பெண் இன்றும் சிவப்பு அட்டையோடு, இன்னொருத்தியின் பெயரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இதைப் படித்துவிட்டு, யாரென்று தெரிந்துவிட்டது என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், நீங்கள் நினைக்கும் ஆள் அவள் இல்லை. அவள் பிள்ளைகள் இரட்டையர் இல்லை. தங்கை போனது கோலா கங்சாருக்கு இல்லை. தோட்டமும் நான் சொன்ன பக்கம் இல்லை. இவ்வளவையும் மாற்றி எழுதிவிட்டு, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பத்திரிகைக்குத் தபாலில் சேர்ப்பதற்கு முன் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.