மண்சுவருக்கு அந்தப் பக்கம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. 1951இல், திருவொற்றியூர் டெண்ட் கொட்டகையில், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த முதல் ஆட்டத்தில்.

ஜெயக்கொடிக்கு அப்போது பத்து வயது. துறைமுகத்தில் கரி இறக்கப் போன அவள் அப்பா பரசுராமன் ஒரு நாள் வீடு திரும்பவில்லை. தண்ணீரில் விழுந்திருப்பான் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு வீட்டுக்கு அரிசி வாங்கிப் போட்டவர் சித்தப்பா துரை. அவள் அழுதால் துப்பறியும் படத்துக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான்.

“கொலகாரன் யாருன்னு முன்னாடியே சொல்லு. முறுக்கு வாங்கித் தரேன்.”

“நல்லவனாட்டம் கீறான் பாரு, அவன்தான்.”

“கில்லாடிடீ நீ.”

அவள் தோற்றதே இல்லை.

அன்று பெண்கள் பக்கம், மண்சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள். அப்பா இருந்தவரை, அந்தக் குட்டைச் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் படம் பார்ப்பார்.

விளக்கு அணைந்தது. ஒரு கை வந்தது.

ஈரமான கை. கரி வாசனை. சித்தப்பாவா? இல்லை. அவர் திரைக்குப் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

ரீல் மாற்ற விளக்கு போட்டார்கள். எட்டிப் பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் யாரும் இல்லை. மணல் நனைந்திருந்தது.

மறுபடி இருட்டு. மறுபடி கை…

“நைனா?”

கை இறுகியது.

“உன்ன கொன்னுட்டாங்களா?”

இன்னும் இறுகியது.

அவளுக்குத் தெரிந்த நல்லவர் ஒரே ஒருவர்தான்.

“சித்தப்பாவா…?”

நகம் பதிந்தது.

படத்தில் செத்தவர்கள் பொய் சொன்னதில்லை. ஆனால் கை சொன்னது என்றால் போலீஸ் கேட்காது. படத்துச் சாட்சி எதையும் கண்ணால் பார்த்திருப்பான். அவளும் பார்த்ததாகச் சொன்னாள். சித்தப்பா தன் அண்ணனைத் தண்ணீரில் தள்ளியதை.

“இன்னா ஜெயா… நானா?” என்றார் சித்தப்பா. போலீஸ் அவரை இழுத்துப் போனது. லாக்கப்பிலிருந்து பிணமாகத்தான் வந்தார்.

இரண்டு வருடம் கழித்து, பட்டப்பகலில், பரசுராமன் வாசலில் வந்து நின்றார். சலவைச் சட்டை. கப்பலேறி சிங்கப்பூர் போய், அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்தி, அதுவும் சலித்துத் திரும்பியிருந்தார். தண்ணீரில் அவர் விழவே இல்லை.

மகளின் கையைப் பிடித்தார். காய்ந்த, சூடான கை. சுவருக்கு மேலாக வந்தது இது இல்லை.

அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“எங்கடீ என் தம்பி? அவன நம்பித்தானே உங்கள வுட்டுட்டுப் போனேன்.”