சைவமாகிப் போன தாய்மீன்கள்

“மூட்டைக்குள்ள மூக்கை விட்டு என்ன தேடுற?” என்று கேட்டார் மாமனார்.

“மீன் வாசனையைத்தான் முதலாளி. காணோமே.”

“எப்படி இருக்கும்? இது சோயாத் தீவனம். தாய்மீனுங்க இனிமே சைவம்.”

“புலி பசிச்சாலும் புல்லைத் தின்னாது முதலாளி. கொடுவாய் மீனும் அப்படித்தான்.”

“அது நல்லாத்தான் தின்னுது. உனக்குத்தான் செரிக்கல.”

மீன்குஞ்சுப் பண்ணைக்கு அவள் மருமகளாக வந்த புதிதில் காதில் விழுந்த பேச்சு இது. மூட்டையை முகர்ந்தவர் முட்டையிடும் தாய்மீன்களின் தொட்டிகளைக் கவனித்துவந்த அக்கா. அவருக்கு ‘மோப்பம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. தீவனமோ தண்ணீரோ, முகராமல் தொட மாட்டார்.

கொடுவாயின் நல்ல முட்டை மிதக்கும். செத்தது அடியில் தங்கும். தீவனம் மாறியபின் அடியில் தங்குவதே அதிகமானது. மாமனாரின் சந்தேகம் தீவனத்தின் மேல் போகவில்லை.

“வேணாம்னு சொன்னவ, பட்டினி போட்டு நிரூபிக்கப் பாக்கிறாளோ? அவ மேல ஒரு கண்ணு வெச்சுக்கம்மா.”

நுண்ணோக்கியில் முட்டை பார்ப்பது மருமகளின் வேலை. அதோடு ஆளைப் பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. அக்கா சும்மா இருப்பாரா?

“முட்டையைப் பாத்தாச்சா? என்னையும் கண்ணாடியில வெச்சுப் பாத்துடுங்க சின்னம்மா.”

சிரிக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

திடீரென்று மூன்றாம் தொட்டி முட்டைகள் மட்டும் மிதக்கத் தொடங்கின. மாமனார் மேசையைத் தட்டினார்.

“ஒரே தீவனம். ஒரு தொட்டி நல்லா இருக்குன்னா மத்ததைக் கெடுக்கிறது யாரு? வேற ஆள் பாத்துட வேண்டியதுதான்.”

அன்றே அவள் மூன்றாம் தொட்டியின் வடிகால் வலையைத் தூக்கிப் பார்த்தாள். கணவாய் மீன் துண்டு ஒன்று சிக்கியிருந்தது.

“இது எப்படி வந்துச்சு அக்கா?”

அக்காவின் முகம் வெளிறியது. “நான்தான் போட்டேன். வீட்டுல நறுக்கிக் கொண்டுவருவேன். ஒரு தொட்டியாவது பிழைக்கட்டும்னு.”

உதவப் போய் உபத்திரவத்தை விலைக்கு வாங்கியிருந்தார். அதுவும் நிஜம்தானா? வேலை போகும் பயத்தில் இன்றைக்குத்தான் போட்ட துண்டோ? அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் சந்தேகத்தை அக்கா மோப்பம் பிடித்துவிட்டார்.

“நீங்களும் நம்பலைல்ல? நம்ப வேணாம். இந்தத் தொட்டி அறைச் சாவியைப் பிடிங்க. நானே கெஞ்சினாலும் என்னை உள்ள விடாதீங்க. வெறும் சோயாவை உங்க கையால போடுங்க. இந்தத் தொட்டி முட்டையும் அடியில தங்குச்சுன்னா, குத்தம் தீவனத்தோடதுன்னு உங்க மாமாகிட்ட உங்க வாயாலேயே சொல்லுங்க சின்னம்மா.”