காலனிக்குப் போகாத குழாய்

படிப்பு முடித்து பெரம்பலூரில் வேலையில்லாமல் இருந்தபோது, ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு அரசு ஒன்றின் உதவியில் கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாய் போடுகிற நிறுவனம் அது. ஒரு கோடையில் அந்த நாட்டு அதிகாரி பார்வையிட வந்தார். வாலிகண்டபுரம் தாண்டி ஜீப் போகும்போது எனக்கு விளக்கினார்: மனித உரிமை மீறப்படும் இடத்துக்கு உதவிப் பணம் தரக்கூடாதென்று அவர்கள் நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் போன ஊரில் மேலத்தெருவுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. காலனிக்குப் பள்ளம் மட்டும் வெட்டிக் கிடந்தது. குழாய் பதிக்க மேலத்தெருக்காரர்கள் விடவில்லை. காலனிப் பெண்கள் மேலத்தெருக்காரர் யாருடைய கொல்லைக்காட்டுக் கிணற்றிலாவது கெஞ்சித் தண்ணீர் எடுத்தார்கள்.

குடத்தோடு வந்த ஓர் அக்காவை நிறுத்தி, "யார் தடுப்பது?" என்று கேட்கச் சொன்னார் அதிகாரி. சுற்றிலும் மேலத்தெரு ஆண்கள். அவர்களைப் போகச் சொல்லும்படி அவரிடம் மெல்லச் சொன்னேன். அவரும் சொன்னார். நாலடி தள்ளி நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

"சொன்னா என்னம்மா ஆவும்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"பணத்த நிறுத்திடுவாங்கக்கா. அவங்க சட்டம் அப்படி."

"சொல்லலன்னா?"

நான் குழாய் பதிக்காமல் கிடந்த பள்ளத்தைப் பார்த்தேன்.

"அப்ப எப்படியும் எங்களுக்குத் தண்ணி இல்ல." குடத்தைக் கீழே வைத்தார். "இந்தா நிக்கிறாங்களே, இவங்கதான் தடுக்கிறாங்க. சொல்லிடும்மா."

ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அந்த ஊருக்கு உதவி நின்றது. அந்தக் கோபத்தில் மேலத்தெருவில் காலனி ஆட்களைக் கொல்லை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கிணற்றுப் பக்கமும் விடவில்லை. காலனிக்கு மட்டுமாவது பணம் தரக்கூடாதா என்று அதிகாரியிடம் போனில் கெஞ்சினேன். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றார். அவர் குரலும் தளர்ந்துதான் இருந்தது.

பிறகு அந்த அக்காவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கரும்பு வெட்டத் திருமானூர் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"என்னைத் திட்டுங்கக்கா."

"ஒன்ன எதுக்குத் திட்டணும்? நான் சொன்னதத்தான சொன்ன." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "காலனியிலயே எங்கூட இப்ப யாரும் பேசறதில்லம்மா."

சில வருடம் கழித்து அந்தக் காலனியில் அரசு ஆழ்துளைக் கிணறு போட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை. அக்காவைப் பார்த்த அடுத்த வாரமே இன்னோர் ஊருக்கு, அதே கேள்வியோடு போனேன்.