ஆயிரத்தெட்டும் ஒன்றும்

பேத்தி பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண் பகா எண் என்று சத்தமாகப் படித்தாள். அப்படி ஒரு எண்ணோடு நான் ஒரு நாள் காலை முழுவதும் மல்லுக்கட்டியிருக்கிறேன். வெட்கத்தில் அவளிடம் சொல்லவில்லை. எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அப்போது இலங்கையில் நிவித்திகலப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு ஏழாம் மாதம். மலையேற முடியாததால் நாற்றுமேடையில் நிழல் வேலை கொடுத்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்:

"ஆயிரத்தெட்டு ரப்பர் கொட்டை. வரிசையில ஒரு பள்ளம் தெரிஞ்சாலும் நாளைக்கே மலைக்குப் போகணும், பாத்துக்க."

அம்மா எதை எண்ணினாலும் முதலாவதைச் சாமிக்கென்று சாக்கில் போட்டுவிட்டு, பிறகுதான் ஒன்று என்று தொடங்குவாள். அன்றும் அப்படித்தான். சாக்கை நான் கொட்டியபோது சாமியின் கொட்டை மற்றவற்றோடு கலந்துவிட்டது.

வரிசைக்கு முப்பத்தாறாக வைத்தோம். இருபத்தெட்டு வரிசை நிறைந்து, ஒன்று மிஞ்சியது. அதை அடுத்த வரிசையில் வைத்தால் மீதி இடமெல்லாம் பள்ளமாகத் தெரியும்.

"ஒண்ணத் தூக்கி வீசிடவாம்மா?"

"எது சாமியோடதுன்னு ஒனக்குத் தெரியுமாடி? வயித்துப் புள்ளக்காரிய வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சப் பாரு!"

சிலேட்டில் வகுத்துப் பார்த்தேன். வரிசைக்கு நாற்பத்திரண்டு என்றாலும் ஒன்று மிஞ்சியது. பதின்மூன்றுக்கு எட்டு, பதினேழுக்கு ஆறு. எதற்கும் அது மசியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஐயா வரும் பாதையையே பார்த்தாள்.

அழுகையை அடக்கிக்கொண்டு சதுரமாக வைத்தேன். பக்கத்துக்கு முப்பத்தொன்று, நாற்பத்தெட்டு மிஞ்சியது. ஓரத்தில் ஒரு வரிசையையும் ஒரு பத்தியையும் எடுத்து, மிஞ்சியவற்றோடு சேர்த்துப் பக்கத்தில் இன்னொரு சதுரம் அடுக்கினேன். சரிவரவில்லை. இன்னொரு சுற்று எடுத்தேன், அதுவும் இல்லை. மூன்றாம் சுற்றில் பெரியது இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டாக நின்றது. சின்னது பதினைந்துக்குப் பதினைந்தாக நிறைந்தது. கையில் ஒன்றும் இல்லை.

அப்படியே மணலில் அழுத்தினோம். கடைசிக் கொட்டை புதையும்போது ஐயா வந்துவிட்டார்.

"என்னா புள்ள, ரெண்டு பாத்தி?"

நான் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டேன்.

"சாமி கேட்டுச்சுங்க ஐயா," என்றாள் அம்மா.

"ஒன் சாமிக்குத் தனிப் பாத்தி வேணுமாக்கும்!" என்று சிரித்தபடி இரண்டையும் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பள்ளம் எங்கும் இல்லை. "சரி சரி, தண்ணி ஊத்து. நாளைக்கும் இங்கேயே வா."

பிள்ளை பிறக்கும்வரை அம்மா மலைக்குப் போகவில்லை. முளை விட்டபோது சின்னப் பாத்திக்குத்தான் முதலில் தண்ணீர் ஊற்றினாள். சாமி அதில்தான் இருக்கிறது என்று அவளுக்கு எப்படியோ உறுதி. எனக்கு இன்றுவரை தெரியாது.