முதலை மீனை விட்டுச் சென்றவர்

பரமசிவம் அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறரை மணிக்கு வந்தது. கூப்பிய கைகள் வரிசையாக விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஒருவர், "அப்போ அந்த மீனுக்கு இனி யாரு சார் இரை போடுவா?" என்று கேட்டிருந்தார். பணிக்காலம் முழுவதும் விலங்கியல் நடத்திய ஒருவர் இறந்தவுடன் சக ஆசிரியருக்கு எழுந்த முதல் கேள்வி அது. குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதுவே தோன்றியது.

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டுமே எழுதுவது முறை. முறைகளை மதிப்பவன் நான். ஆனால் இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில் காபி குடித்தவர்கள். அந்தத் தொட்டியைப் பார்த்தவர்கள். ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மீன் வளர்ப்பவர் என்ற வகையில் அண்ணாச்சி மீது எனக்கு ஒருநாளும் மதிப்பு இருந்ததில்லை. நான் கணக்கு ஆசிரியன். நானும் மீன் வளர்க்கிறேன். என் தொட்டிகளில் தண்ணீர் மாற்றிய நாளும், இட்ட இரையின் அளவும், அன்றைய வெப்பமும் நோட்டில் இருக்கும். அண்ணாச்சியிடம் நோட்டு இல்லை. தெர்மாமீட்டரும் இல்லை.

அந்த மீனை அவர் ராஜபாளையத்தில் ஒரு கடையில் வாங்கினார். அப்போது அது விரல் நீளம். வாய் மட்டும் முதலையுடையதைப் போல முன்னே நீண்டிருந்தது. அலிகேட்டர் கார் என்பது பெயர். நம் ஊரில் முதலை மீன் என்றால் எல்லோருக்கும் விளங்கும். இடம் கிடைத்தால் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். அதை அவர் மூன்றடித் தொட்டியில் விட்டார்.

"எவ்வளவு வளரும்னு கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கடைக்காரன் ஒண்ணும் சொல்லலியே வே."

"நீங்க விலங்கியல் வாத்தியாருல்லா?"

"நான் நடத்துத புஸ்தகத்துல இவன் இல்லியே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு ஐந்தடித் தொட்டி வந்தது. அதில் மீன் மூன்றடியை நெருங்கிவிட்டது. திரும்புவதற்கு அது உடம்பை வளையலைப் போல மடிக்க வேண்டியிருந்தது. "திரும்புதான் பாருங்க, என்னா ஸ்டைலு!" என்று விருந்தாளிகளுக்குக் காட்டுவார். அவர்களும் கைதட்டுவார்கள். ஒரு உயிர் இடமில்லாமல் மடங்குவதைப் பார்த்துக் கைதட்டிய பட்டதாரிகளை நான் அந்தக் கூடத்தில்தான் கண்டேன்.

இரை விஷயம் இன்னும் மோசம். சுத்தம் செய்த மீன்துண்டை இடுக்கியால் பிடித்து, குறித்த நாளில் குறித்த அளவு கொடுக்க வேண்டும் என்று நான் தாளில் எழுதியே கொடுத்தேன். அந்தத் தாளை அவர் தொட்டி ஆடாமலிருக்க ஸ்டாண்டின் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். அவருடைய முறை வேறு. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவுவார். அதன் நுனியில் சாளை மீன் துண்டைக் குத்தி, பனியனோடு நின்று, மீனின் தாடை ஓரமாக ஆட்டுவார். "ஏலே, இங்கன பாரு. தின்னுலே மூதி!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஏசுவார். செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாள்களில் அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. ஆகவே மீனுக்கும் கிடையாது. கார்த்திகையில் அண்ணாச்சி மாலை போட்டால் மண்டலம் முழுவதும் அதற்கு மீல்மேக்கர். அது கவ்வும், உடனே துப்பும். "அவனும் விரதம் இருக்கான் வே" என்பார். வாரக்கணக்கில் இரையின்றித் தாங்கும் இனம் அது. அதனால் பிழைத்தது. அண்ணாச்சியால் அல்ல.

ஒருமுறை அதன் மூக்கில் வெள்ளையாகப் பூசணம் பிடித்தது. அவர் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து தொட்டியில் கரைத்துவிட்டார். அந்த மண்ணை நானும் நெற்றியில் இடுகிறவன்தான். ஆனால் மோட்டாருக்குள் அதற்கு என்ன வேலை? தண்ணீர் செங்கல் நிறமாகி, வடிகட்டி அடைத்து, மீன் தலைகீழாகச் சாய்ந்தது. அன்று மாலை வரை இருவரும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினோம். கோபத்தில், "இதக் கொண்டுபோயி எங்கயாவது விட்டுத் தொலைங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். "வீட்டுல வச்சிருக்கது என் தப்பு வே. குளத்துல விட்டா அது ஊருக்குச் செய்யுத தப்பு. கெண்ட, கெளுத்தி, குரவ ஒண்ணு மிஞ்சாது. இவன் சாவுத வரைக்கும் நாந்தான் வச்சுக்கிடணும்."

அவர் சொல்லிக் கேட்டவற்றில் விலங்கியல் என்று ஒப்புக்கொள்ளத்தக்கது அது ஒன்றுதான். அதிலும் ஒரு பிழை இருந்தது. அந்த இனம் அரை நூற்றாண்டு வாழக்கூடியது. அதையும் அவர் கடைக்காரனிடம் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நான் போனபோது வாசலில் லோடு ஆட்டோவும், அதில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்மும் நின்றன. திருவேங்கடத்திலிருந்து வந்திருந்த மருமகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கரிவலம் பக்கம் குளத்துல தண்ணி கெடக்கு சார். மாமா பேரச் சொல்லி விட்டுட்டா புண்ணியம்லா."

"விடக்கூடாது."

"ஒத்த மீனு போயி என்னத்தப் பண்ணிரும்?"

அண்ணாச்சி வாளியை வைத்துவிட்டுச் சொன்னதை நான் ஒரு சொல் மாறாமல் சொன்னேன். உள்ளேயிருந்து அண்ணாச்சியின் மனைவி, மதினியின் குரல் வந்தது: "அவுக அப்படிச் சொன்னது நெசந்தான். ஆனா, இதுக்கு நான் எங்கன போயி சாள வாங்க? கொண்டுட்டுப் போகட்டும் தம்பி."

புண்ணியம் என்று பெயரிட்டு ஒரு குளத்தையே அழிக்கத் தயாராக நின்ற அந்தக் கூட்டத்தில், பாயசத்தை விட்டு எழுந்தவர் ஒருவருமில்லை. ஆட்டோ என் வீட்டுக்குத்தான் வந்தது. பின்பக்கம் கெண்டை வளர்த்த பதினைந்தடி சிமென்ட் தொட்டியைக் காலி செய்து, மேலே வலை கட்டி, அதில் விட்டேன். அது முதன்முறையாக மடங்காமல் திரும்பியது.

ஆனால் இரை எடுக்கவில்லை. இடுக்கி, சுத்தம் செய்த துண்டு, சரியான நேரம், சரியான அளவு, எல்லாம் இருந்தன. மூன்று வாரமாகியும் அது திரும்பிப் பார்க்கவில்லை. வயிறு ஒட்டத் தொடங்கியது. வேறு வழியின்றி மதினிக்குப் போன் செய்தேன்.

"எப்படிக் குடுக்கிய தம்பி?"

சொன்னேன்.

"ஏசுனீயளா?"

"இல்ல."

"பொறவு எப்படித் திம்பான்?"

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினேன். பக்கத்து வீட்டு மாடியில் யாருமில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சாளைத் துண்டைத் தாடை ஓரமாக ஆட்டி, "ஏலே" என்றேன். அசையவில்லை. குரலை உயர்த்தினேன். "தின்னுலே மூதி!" அது மெல்லப் பக்கவாட்டில் ஒட்டி வந்து, தலையை ஒரு வெட்டு வெட்டிக் கவ்வியது. துப்பவில்லை.

அண்ணாச்சியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. மூன்றடித் தொட்டியும், மீல்மேக்கரும், மோட்டாருக்குள் மண்ணும் இன்றும் மன்னிக்கத்தக்கவை அல்ல. ஆயினும் என் நோட்டில் தேதி, வெப்பம், இரை என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதன் தலைப்பு: ஏச்சு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது. வாரம் மூன்று முறை, தவறாமல், அதில் டிக் விழுகிறது.