லைசென்ஸ் கேட்கிற லூசி

1966-ல் போர்ட் பிளேயரில் கப்பலை விட்டு இறங்குகிறவர்களுக்கு வாடகை வண்டி வேண்டுமென்றால், அபர்டீன் பஜாரில் யாரைக் கேட்டாலும் மின்னி பே பக்கம் கை காட்டுவார்கள். அங்கே மத்தியாஸின் ஜீப் நிற்கும். அரசு ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. மத்தியாஸ் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து, பிறகு லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவன். ஒருநாள் லாரியிலிருந்து மரம் இறக்கும்போது கட்டை உருண்டு வலது முழங்கால் நசுங்கியது. அதற்குப் பிறகு அவனால் பிரேக்கை மிதிக்க முடியவில்லை. ஜீப்பை விற்றுவிடலாம் என்றான்.

"நான் ஓட்டுதேன்" என்றாள் அவன் மனைவி லூசி.

மத்தியாஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். இரண்டு மாதத்தில் லூசி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். பொம்பளை வண்டி ஓட்டுவதா என்று மாதா கோயிலுக்கு வரும் பெண்கள் சில வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடைமழையில் அவர்களில் ஒருத்தியான ரீத்தாவுக்குப் பிரசவ வலி கண்டு, அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது லூசிதான் என்று தெரிந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

பெரும்பாலும் அவளே ஓட்டிப்போய்ச் சுற்றிக்காட்டுவாள். தானே ஓட்டவேண்டும் என்கிறவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கிளம்புமுன் நிதானமாகச் சொல்லுவாள்: வளைவு தெரிந்தால் ஹாரன் அடிக்கணும். மழை பெய்த சரிவில் பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைக்கணும். எதிரே மரம் இழுக்கும் யானை வந்தால் மட்டும் ஹாரனைத் தொடக்கூடாது, ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடணும். "ஒரு கண்ணாடி ஒடஞ்சாக்கூட மெயின்லேண்ட்லருந்து கப்பல் வரணும் சாப், பாத்து ஓட்டுங்க" என்று முடிப்பாள்.

இவ்வளவும் சொல்கிறவள் லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. வருகிறவர்கள் பெரிய அதிகாரிகள். கேட்டால் மரியாதைக்குறைவாகிவிடும் என்று நினைத்தாள்.

அந்த வருஷம் ஒரு மர ஆலைக்கு இயந்திரம் பொருத்த யென்ஸ் என்ற டென்மார்க்காரர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போகவேண்டும், தானே ஓட்டவேண்டும் என்றார். அவர் ஊரில் வண்டிகள் வலப்பக்கம் போகும். அதைக் கேட்டு லூசி மூன்றுமுறை இடப்பக்கத்தை நினைவுபடுத்தினாள். போகும்போது அவர் கவனமாகத்தான் ஓட்டினார். திரும்பும் வழியில் கடலைப் பார்க்க வண்டியை நிறுத்தினார். சாரல் விழத் தொடங்கியதும் ஏறி மறுபடி எடுத்தார். ரோடு காலியாக இருந்தது. பழக்கத்தில் கை வண்டியை வலப்பக்கம் கொண்டுபோய்விட்டது. கண்ணாடியின் உள்பக்கம் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்த லூசி நிமிர்ந்தபோது எதிரே வளைவில் கல் ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது.

லாரிக்காரர் மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதி நின்றார். லூசி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததில் ஜீப் ரோட்டைக் கடந்து மறுபக்கச் சாக்கடையில் இறங்கியது. இவர்கள் இருவருக்கும் காயமில்லை. லாரி டிரைவர் அப்பண்ணாவுக்கு மணிக்கட்டு உடைந்தது.

மறுநாள் யென்ஸ் மின்னி பேக்கு வந்தார். இந்தியாவில் ஓட்ட அவரிடம் அனுமதி எதுவும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விசாரணையில் லூசி ஓட்டியதாகச் சொன்னால் நல்லது, இல்லாவிட்டால் தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஜீப்பைத் தானே சரிசெய்து தருகிறேன் என்றார்.

அவர் போனதும் மத்தியாஸ் சொன்னான்: "சொல்லிரு லூசி. ஒங்கிட்ட லைசென்ஸ் இருக்கு. யாருக்கும் நஷ்டமில்ல."

பொம்பளை ஓட்டினாள், சாக்கடையில் விட்டாள் என்றால் ஊர் ஒரு நொடியில் நம்பிவிடும். அந்தப் பொய்க்குச் சாட்சிகூட வேண்டாம். அதுதான் லூசியை உறுத்தியது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பண்ணாவைப் பார்த்தாள். தெலுங்கு பேசுகிறவர், நாற்பது வயது இருக்கும். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் தீவின் பொதுமொழியான இந்தியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தீதி, மை பாயே தா." அக்கா, நான் இடப்பக்கம்தான் வந்தேன் என்று அர்த்தம். ஓட்டியது லூசி என்றாகிவிட்டால், பயந்து சாக்கடையில் விட்டாள் என்பார்கள்; ஆனால் ரோடு தெரிந்த உள்ளூர் டிரைவர் வலப்பக்கம் வந்தாள் என்பதை யார் நம்புவார்கள்? பழி லாரிமேல்தான் விழும். அவர் வேலை போய்விடும்.

விசாரணை அதிகாரி பக்தவத்சலம் தமிழர். "வண்டிய யாரும்மா ஓட்டினது?" என்று கேட்டார்.

"சாப்தான் சார் ஓட்டினாரு. வலப்பக்கம் வந்தது எங்க வண்டி. லாரி மேல தப்பில்ல."

"அவர்கிட்ட லைசென்ஸ் பாத்தீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"பெரிய மனுசர்ட்ட எப்படிக் கேக்கன்னு வெக்கமா இருந்துச்சு. அது என் தப்புதான்."

பக்தவத்சலம் உத்தரவை எழுதினார். மூன்று மாதம் ஜீப்பை வாடகைக்கு விடக்கூடாது. யென்ஸுக்கு அபராதம், தீவில் எந்த வண்டியும் ஓட்டத் தடை. ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. அப்பண்ணாவின் வேலை நிலைத்தது.

மூன்று மாதமும் லூசி பத்துபஸ்தி பகுதியில் ஒரு வீட்டில் துணி தைத்தாள். மத்தியாஸ் வலை முடைந்தான். குறைசொல்ல வாயெடுப்பான், அவள் ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்து அடங்கிவிடுவான். ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்த யென்ஸ், ஒரு சாயங்காலம் ஸ்பேனர்களோடு வந்து வளைந்த அச்சை நிமிர்த்தத் தொடங்கினார். இரண்டு ஞாயிறுகள் வந்தார். கடைசி நாளில் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்கள் ஊரில் என்றால் அப்படிப் பொய் சொல்லக் கேட்டிருக்கவே மாட்டேன். இங்கே கேட்கலாம் என்று எப்படித் தோன்றியதோ, அதை இன்னும் யோசிக்கிறேன்" என்றார். லூசி அவருக்குத் தேநீர் கொடுத்தாள்.

தடை முடிந்து முதலில் வந்தவர் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு உயர் அதிகாரி. சாவிக்குக் கை நீட்டினார்.

"லைசென்ஸ் காட்டுங்க சார்" என்றாள் லூசி.

"நான் யார்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். லைசென்ஸ்தான் தெரியணும்."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வெயிலில் பஜார் பக்கம் நடந்தார். அவர் முதுகு மறையும்வரை லூசி பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியாஸ் கம்பை ஊன்றி வெளியே வந்தான். வந்த வாடகை போனதற்குத் திட்டு விழும் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"வெயிலு ஏறுது," என்றான் அவன். "வா, சாப்பிடுவோம்."