நான்கு நொடி மூச்சு

சின்னவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அம்மா "கம்ப்யூட்டர் ஆபீஸ்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதற்கு மேல் கேட்டுவிடப் போகிறார்களே என்ற பயம். அக்காதான் கொஞ்சம் விளக்கமாக, "ஸ்கிரீன்ல வட்டத்தை ஓட விடுவா, கட்டத்தைக் குதிக்க விடுவா, அதுக்கு மாசாமாசம் சம்பளம் வேற" என்பாள். சின்னவள் அதைத் திருத்தியதில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் செய்வது ஏறக்குறைய அதுதான். தொட்டால் விரியும் வரைபடம், இழுத்தால் சுழலும் உருண்டை, விரலுக்கு ஏற்ப அசையும் படம் என்று இணையப் பக்கங்களுக்கு உயிர் கொடுக்கிற வேலை.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைக்கப் போனாள். பத்து வருடத்துப் பஞ்சுத் தூசி அவளுக்கு இழுப்பைக் கொடுத்தது. அந்தப் பத்து வருடம்தான் சின்னவளைப் பட்டதாரி ஆக்கியது. இதை இருவரும் வாய் விட்டுப் பேசிக்கொண்டதே கிடையாது. சண்டை வரும்போதுகூட அக்கா அந்தப் பக்கம் போகமாட்டாள்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் விலை உயர்ந்த மென்பொருள் இருந்தது. ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள். வீட்டில் இருந்ததோ மூன்று கை மாறி வந்த மடிக்கணினி. அதில் எதை ஏற்றலாம் என்று தேடித்தான் சின்னவள் அந்தக் கருவியைக் கண்டுபிடித்தாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ உட்கார்ந்திருப்பவர்கள் சேர்ந்து எழுதி, பூட்டுப் போடாமல் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் கருவி. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பார்க்கலாம், திருத்தியும் தரலாம். முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திறந்து கிடக்கிற வீட்டுக்குள் நுழைவதற்கே கூச்சப்படுகிற ஆள் அவள்.

அவர்களுடைய விவாதப் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்பதற்கு நான்கு நாள் தயங்கினாள். தன் முகத்துக்குப் பதில் பூனைப் படம் வைத்திருந்த ஒருவர் பதில் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. உதவிப் பக்கத்தில் அந்த இடம் குழப்பமாகத்தான் இருக்கிறது, நீயே திருத்தி எழுதித் தருகிறாயா என்று கேட்டார். அப்படித் தொடங்கியது, கடைசி ஆண்டில் ஒரு முழுப் பகுதியை எழுதித் தருவதில் போய் நின்றது. ஓர் உருவத்தைத் தாளம் தப்பாமல் பெரிதாக்கிச் சிறிதாக்கும் பகுதி அது. 'ஏற்ற இறக்கம்' என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள். பங்களித்தவர்கள் பட்டியலில் நாற்பத்தோராவது இடத்தில் அவளுடைய புனைபெயர் வந்தது. அக்காவிடம் காட்டினாள். அக்கா பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இத்தனை பேரும் சும்மாவா செய்யறாங்க? எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கவலைப்பட்டாள்.

அந்த நாற்பத்தோராவது வரிதான் அவளுக்கு வேலை வாங்கித் தந்தது. மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஐந்து பேர் உட்காரும் அலுவலகம். ஆறு மாதம் தற்காலிகம், அதற்குப் பிறகு நிரந்தரம் என்றார் மேனேஜர். சின்னவளோ, தன்னைத் தெரியாத்தனமாக எடுத்துவிட்டார்கள், என்றைக்காவது ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற நினைப்போடுதான் தினமும் படியேறினாள். மற்றவர்கள் வீட்டில் அப்பாவோ சித்தியோ இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். இவளுக்கு நாற்காலியின் உயரத்தை எப்படிக் குறைப்பது என்பதையே பக்கத்து மேஜை ஓவியரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அலுவலகத்தின் படங்களை எல்லாம் வரைபவர் அவர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

ஆறாவது மாதத்தில் நெஞ்சு நோய் மருத்துவமனை ஒன்றின் வேலை வந்தது. வீட்டுக்குப் போன நோயாளிகள் போனைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்ய ஒரு பக்கம் வேண்டும். வட்டம் விரியும்போது மூச்சை இழுக்க வேண்டும், சுருங்கும்போது விட வேண்டும். இழுக்க நான்கு நொடி, விட ஆறு நொடி. இந்தக் கணக்குப் பிசகக் கூடாது என்று அந்த மருத்துவமனையின் டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். சின்னவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவளுடைய ஏற்ற இறக்கத்துக்கென்றே வந்தது போன்ற வேலை. கண்ணும் கருத்துமாகச் செய்தாள். அவள் மேஜையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் நான்கு, ஆறு, அச்சு அசல்.

எல்லோருக்கும் காட்டினாள். புதுத் திரை வாங்கியிருந்த ஓவியர், "நல்ல விறுவிறுப்பா இருக்கு" என்றார். மருத்துவமனையின் பழைய கணினியில் பார்த்த டாக்டரம்மா, "நல்ல நிதானமா இருக்கு" என்றார். ஒரே வட்டத்தை ஒருவர் விறுவிறுப்பு என்கிறார், ஒருவர் நிதானம் என்கிறார். ஆளுக்கு ஆள் ரசனை வேறு என்று சின்னவள் விட்டுவிட்டாள். பாராட்டுகளைக் கிளறிப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா தன் போனில் அதைத் திறந்தாள். கீறல் விழுந்த கண்ணாடி, நிரம்பி வழியும் படங்கள், தொட்டால் யோசித்துவிட்டுத்தான் நகரும் போன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல மாணவி மாதிரி வட்டத்தோடு மூச்சை இழுத்தாள். வட்டம் விரிந்தது. விரிந்துகொண்டே இருந்தது. அக்காவின் தோள் மேலே போனது, கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. கடைசியில் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு இருமத் தொடங்கினாள். சின்னவள் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

இருமல் அடங்கியதும் அக்கா கேட்டாள், "எத்தனை நொடின்னு சொன்னே?"

"நாலு."

"உன் நாலு எந்த ஊரு நாலுடி?"

சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினாள். எட்டு. மறுபடி எண்ணினாள். எட்டு. எங்கே தவறு என்று கடிகாரத்திலிருந்து கண்ணை எடுப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

திரையில் அசைவது எதுவும் உண்மையில் அசைவதில்லை. நொடிக்குப் பல தடவை படத்தை அழித்து அழித்து வரைவதால் அசைவதாகத் தெரிகிறது. சின்னவள் வட்டத்துக்குக் கொடுத்திருந்த கட்டளை, ஒவ்வொரு தடவை வரையும்போதும் ஒரு படி வளர் என்பது. அவளுடைய கணினி நொடிக்கு அறுபது தடவை வரைந்தது. ஓவியரின் புதுத் திரை நூற்றிருபது. அக்காவின் போன் திக்கித் திணறி முப்பது. எவ்வளவு நேரம் ஆனது என்று கடிகாரத்தைக் கேட்டிருக்க வேண்டியவள், எத்தனை தடவை வரைந்தாய் என்று கேட்டு அதையே நேரமாக நினைத்துவிட்டாள்.

இதை அவள் திக்கித் திக்கிச் சொன்னதும் அக்காவுக்குப் பட்டென்று புரிந்துபோனது. "எங்க ஆலையில புது மிஷின் ஓடற ஓட்டம் வேற, பழசு நொண்டற நொண்டு வேற. தையலை எண்ணிட்டு, மணி அஞ்சு ஆச்சு வீட்டுக்குப் போறேன்னு நான் சொன்னா சூப்பர்வைசர் விடுவானா? நீ அதைத்தான் பண்ணி வெச்சிருக்கே." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு மறுபடி இருமலில் போய் முடிந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் மருத்துவமனைப் பக்கத்தைச் சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் அக்காவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, சரியாகிவிட்டதல்லவா, வியாழக்கிழமை வெளியிட்டுவிடலாம் என்றார். தவறு இந்த அலுவலகத்தோடு நிற்கவில்லை, திறந்து கிடக்கும் அந்தக் கருவிக்குள்ளும் இதே கட்டளைதான் இருக்கிறது, அங்கேயும் சொல்ல வேண்டும், மருத்துவமனைக்கும் சொல்ல வேண்டும் என்றாள் சின்னவள்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்ல வேணாம்னு சொல்லலம்மா. அடுத்த வாரம் சொல்லு. வெள்ளிக்கிழமையோட உன் ஆறு மாசம் முடியுது. உன்னை எடுத்ததே அந்தக் கருவியில உன் பேர் இருந்ததுக்காகத்தான். அதே இடத்துல போய் இது என் தப்புன்னு நீயே எழுதி வெச்சா, மேல இருக்கிறவங்ககிட்ட நான் உனக்காக என்னன்னு பேசறது?"

அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் சிக்கல். ஒரே ஒரு வாரம். காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம். கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று சின்னவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். உண்மையைச் சொல்லியே தீர வேண்டும் என்கிற துடிப்பா, அல்லது என்றைக்காவது மாட்டிக்கொள்வேன் என்று ஆறு மாதமாக நடுங்கியவள், இப்படியாவது மாட்டிக்கொண்டு தொலைக்கலாம் என்று பார்க்கிறாளா? இன்றுவரை அவளுக்கு அது நிச்சயமில்லை.

முடிவெடுக்க உதவியது அவளுடைய மனசாட்சி என்று சொன்னால் அது பொய். ஏற்ற இறக்கத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று கருவியின் விவாதப் பக்கத்தில் மேலோட்டமாகப் பார்க்கப் போனாள். கடைப் பக்கத்தில் துடிக்கும் பொத்தான், பலூன் விளையாட்டு என்று வரிசையாக வந்தன. யாருக்கும் கேடில்லை. அப்பாடா என்று இருந்தது. அதற்குக் கீழே, நான்கு மாதத்துக்கு முந்தைய பதிவு ஒன்று. திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை எழுதியது. திரையில் ஒரு புள்ளி விரிந்து சுருங்கும், அதன் வேகத்துக்கு ஏற்பப் பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லாகப் பேசுவார்கள், வீட்டில் பெற்றோர் போனில் தினமும் செய்யச் சொல்லியிருக்கிறேன் என்று நன்றி சொல்லியிருந்தார். அதன் கீழே நான்கு மாதத்துக்கு முன் சின்னவள் போட்ட சிவப்பு இதயம் இன்னும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்து எழுதினாள். அந்தக் கருவிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குறையைச் சொல்லுகிறவர், படிப்பவர் தானே அதைக் கண்ணால் காண ஒரு வழியும் எழுத வேண்டும். சின்னவள் எழுதினாள்: ஒரு பழைய போனையும் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், வட்டம் விரியும்போது நொடிகளை எண்ணுங்கள். காரணம் என்ற இடத்தில், இந்தப் பகுதியை எழுதிய நான் நேரத்தை அளக்காமல் படங்களை எண்ணிவிட்டேன் என்று போட்டாள். திருத்திய கட்டளைகளையும் சேர்த்து அனுப்பினாள். ஆசிரியைக்குத் தனியாக ஒரு கடிதம். பிறகு மேனேஜரின் அறைக்குப் போய், அனுப்பிவிட்டேன் சார் என்றாள்.

அவர் டாக்டரம்மாவுக்குத் தானே போன் போட்டு, அவளிடம் நீட்டினார்.

"அப்போ அன்னைக்கு நான் பார்த்தது நாலு நொடி இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர். ஆறு நொடிக்கு மேல இருந்திருக்கும்."

"நான் நல்லா இருக்குன்னு வேற சொன்னேனே." "நான் எண்ணிப் பார்த்திருக்கணும்" என்ற குரலில் கோபம் பாதி, வெட்கம் பாதி இருந்தது.

வெளியீடு இரண்டு வாரம் தள்ளிப்போனது. நோயாளிகளின் சொந்த போன்களிலேயே சோதித்துக் காட்ட வேண்டும் என்று டாக்டரம்மா நிபந்தனை போட்டார். சின்னவளின் தற்காலிகம் இன்னும் மூன்று மாதம் நீண்டது. "பாக்கலாம்மா" என்றார் மேனேஜர், அவள் முகத்தைப் பார்க்காமல். ஓவியர்தான் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எனக்கு வேகமா ஓடினப்பவே நான் கேட்டிருக்கணும். நான் பாட்டுக்கு அதைப் போய் கலைன்னு நினைச்சுட்டேன்." அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் நான்கு நாள் உட்கார்ந்தாள். ஒரு கையில் நொடிக் கடிகாரம், மடியில் குறிப்பேடு. போனைக் கேட்டால் சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். மூச்சு வாங்க வாங்கப் பேசும் லாரி ஓட்டுநர் ஒருவர், "வட்டத்தைப் பாத்து மூச்சு விடணுமாம். பொறந்ததுலேர்ந்து பாக்காமத்தானேம்மா விட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். நாற்பது போன்களில் முப்பத்தெட்டில் நான்கும் ஆறும் சரியாக வந்தன. மற்ற இரண்டில் பக்கமே திறக்கவில்லை. அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

கடைசி நாள் அங்கே இருக்கும்போதுதான் ஆசிரியையின் பதில் வந்தது. அவர் திட்டவில்லை. ஐந்து பிள்ளைகள் மட்டும் முன்னேறவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வீட்டில் பயிற்சி செய்யாமல் ஏமாற்றுகிறீர்கள் என்று கடிந்துகொண்டேன், செய்கிறோம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள், நான் நம்பவில்லை, இப்போது விசாரித்தால் ஐந்து பேர் வீட்டிலும் பழைய போன் என்று எழுதியிருந்தார்.

சின்னவள் அந்த வரிகளை அங்கேயே, இருமல்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தாள். மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதி அழித்தாள். இன்னொரு தடவை எழுதி அதையும் அழித்தாள். அவளுக்குச் சொல்லத் தெரிந்த விதம் வேறு. இரண்டு நாளில் அந்தப் பிள்ளைகளுக்கென்று தனிப் பக்கம் ஒன்று செய்தாள். அதில் இரண்டு நீலப் புள்ளிகள். இடது புள்ளி பழைய தவறோடு தள்ளாடியது. அதன் கீழே, "இது சரியாக ஓடவில்லை. காரணம் நான். நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள்" என்று எழுதினாள். வலது புள்ளிக்குக் கடிகாரமே வைக்கவில்லை. விரலை வைத்தால் வளரும், எடுத்தால் சுருங்கும். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்.

ஒரு வாரம் கழித்து ஆசிரியை எழுதினார். எல்லோரும் இடது புள்ளியைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்களாம். ஒரு சிறுமி மட்டும் வலது புள்ளியில் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லையாம். புள்ளி வளர்ந்து திரையின் ஓரங்களைத் தாண்டி, கடைசியில் பக்கம் முழுவதும் ஒரே நீலமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவள் சொல்ல வந்த சொல்லைச் சொன்னாளாம்.

புள்ளிக்கு எல்லை வைக்க மறந்துபோயிருக்கிறோம் என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டளைகளைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள். ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்து வந்து திருத்த நினைப்பவர்களுக்காக ஒரு குறிப்பு மட்டும் எழுதினாள்: இங்கே எல்லை இல்லை. அப்படியே விடவும்.